பத்து ஓட்டம், ஒரு பந்து: கேரி லினேகர் பற்றி வாசகர் கேள்வி பதில்

கேரி லினேகரின் இங்கிலாந்து ஆட்டங்களைப் பற்றி வந்த கேள்விகளை இந்த முறை மொத்தமாக எடுத்துக்கொண்டோம். அறிமுகம் தேவைப்படுபவர்களுக்கு: இங்கிலாந்தின் கால்பந்து ஸ்ட்ரைக்கர், அதாவது கோல் அடிப்பதையே வேலையாகக் கொண்ட முன்கள வீரர். 1960-ல் லெஸ்டர் நகரில் பிறந்தவர். லெஸ்டர் சிட்டி, எவர்ட்டன், பார்சிலோனா, டாட்டன்ஹாம், கடைசியாக ஜப்பானின் நகோயா கிராம்பஸ் எய்ட் அணிகளுக்கு ஆடினார். இங்கிலாந்துக்காக 1984 முதல் 1992 வரை 80 ஆட்டம், 48 கோல்.

கே: ஹாரி கேன் இங்கிலாந்துக்கு 70 கோலுக்கு மேல் அடித்துவிட்டார். லினேகர் 48-லேயே நின்றுவிட்டார். ஆனாலும் என் அப்பா "லினேகர் மாதிரி வராது" என்கிறார். யார் பக்கம் நியாயம்?
– கல்லூரி மாணவர், திருநெல்வேலி

ப: மொத்தக் கணக்கில் கேன்தான் முதல், அதில் பேச்சே இல்லை. 2023 மார்ச்சில் நேப்பிள்ஸ் நகரில் இத்தாலிக்கு எதிராக அடித்த பெனால்டியோடு வெய்ன் ரூனியின் 53-ஐத் தாண்டினார். அதற்குப் பிறகு அந்தப் பட்டியலில் அவரை நெருங்க ஆளில்லை.

உங்கள் அப்பா சொல்வதிலும் விஷயம் இருக்கிறது. உலகக் கோப்பையை மட்டும் எடுத்துப் பாருங்கள். லினேகர் இரண்டு உலகக் கோப்பைகளில் 12 ஆட்டத்தில் 10 கோல். அதில் பெனால்டி 2. கேன் 2018, 2022 இரண்டிலும் சேர்த்து 11 ஆட்டத்தில் 8 கோல். அதில் பெனால்டி 4. பெனால்டியும் கோல்தான், குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஓடுகிற ஆட்டத்தில், பெரிய மேடையில் லினேகர் எத்தனை முறை பந்தைச் சந்தித்தார் என்பது இந்தக் கணக்கில் தெரிகிறது.

ஆட்டத்துக்கு எத்தனை கோல் என்று பார்த்தால் லினேகருக்கு 0.6. கேனை விட்டு மற்ற பெரிய இங்கிலாந்து வீரர்களில் சிலர்: பாபி சார்ல்டன் 106 ஆட்டத்தில் 49, ரூனி 120-ல் 53, மைக்கேல் ஓவன் 89-ல் 40, ஆலன் ஷியரர் 63-ல் 30. எல்லாமே அரைக்குக் கீழே. ஜிம்மி கிரீவ்ஸ் மட்டும் தனி ரகம்: 57 ஆட்டத்தில் 44 கோல், 6 ஹாட்ரிக் (ஒரே ஆட்டத்தில் மூன்று கோல்).

கேனையும் லினேகரையும் ஒரே தராசில் வைப்பதே சரியில்லை என்பது எங்கள் எண்ணம். கேன் நடுக்களம் வரை இறங்கி வந்து பந்தை வாங்குவார், முப்பது மீட்டர் பாஸ் கொடுப்பார், தூரத்திலிருந்தும் அடிப்பார். லினேகருக்கு அந்த வேலை எதுவும் கிடையாது. பந்து வரப்போகும் இடத்துக்கு டிஃபெண்டருக்கு (எதிரணியின் தடுப்பு வீரருக்கு) அரை அடி முன்னால் போய்ச் சேருவது ஒன்றுதான் வேலை. ஒரு பந்துக்காகப் பத்து முறை ஓடுவார். ஒன்பது ஓட்டத்துக்குப் பந்து வராது. அந்த ஒன்பதையும் முழு வேகத்தில் ஓடினார் என்பதுதான் அவருடைய திறமை.

கே: 1986 உலகக் கோப்பையில் முதல் இரண்டு ஆட்டத்தில் இங்கிலாந்துக்கு ஒரு கோல்கூட இல்லை. மூன்றாவது ஆட்டத்தில் லினேகர் 34 நிமிடத்துக்குள் ஹாட்ரிக். நடுவில் என்ன மாறியது?
– ஆசிரியர், தஞ்சாவூர்

ப: ஆட்களும் மாறினார்கள், அமைப்பும் மாறியது. பாதி பயிற்சியாளர் பாபி ராப்சன் எடுத்த முடிவு, மீதி அவர் மேல் வந்து விழுந்த கட்டாயம்.

ஜூன் 3, மான்டெர்ரே: போர்ச்சுகலிடம் 0-1 தோல்வி. ஜூன் 6: மொராக்கோவுடன் 0-0. அந்த இரண்டாவது ஆட்டத்தில் கேப்டன் பிரையன் ராப்சனுக்குத் தோள்பட்டை மூட்டு விலகியது. ரே வில்கின்ஸ் நடுவரை நோக்கிப் பந்தை எறிந்து வெளியேற்றப்பட்டார். போலந்துடனான ஆட்டத்தில் தோற்றால் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான்.

அதுவரை முன்களத்தில் மூன்று பேர்: நடுவில் உயரமான மார்க் ஹேட்லி, இடது விளிம்பில் கிறிஸ் வாடில், கூடவே லினேகர். பந்தெல்லாம் உயரத்தில் ஹேட்லியின் தலைக்குப் போகும். அவர் தட்டிவிடுவதை லினேகர் பொறுக்க வேண்டும். டிஃபெண்டர்கள் பின்வாங்கிக் கூட்டமாக நின்றுவிட்டால் பொறுக்குவதற்கு இடமே இருக்காது.

ஜூன் 11 அன்று ஹேட்லியும் வாடிலும் வெளியே. பீட்டர் பியர்ட்ஸ்லி, ஸ்டீவ் ஹாட்ஜ், டிரெவர் ஸ்டீவன், பீட்டர் ரீட் உள்ளே. நான்கு நடுக்கள வீரர்கள், இரண்டு ஸ்ட்ரைக்கர்கள். பியர்ட்ஸ்லி குள்ளமானவர், தலையால் முட்டி ஜெயிக்க வந்தவர் அல்ல. அவர் முன்னால் நிற்கமாட்டார், பத்துப் பன்னிரண்டு மீட்டர் பின்னால் இறங்கி வந்து பந்தைக் கேட்பார். அவரைக் காவல் காக்கும் டிஃபெண்டருக்கு இரண்டே வழி. கூடவே வந்தால் பின்னால் ஓட்டை. வராவிட்டால் பியர்ட்ஸ்லி திரும்பிப் பாஸ் கொடுப்பார். லினேகருக்கு வேண்டியிருந்தது அந்த ஓட்டைதான்.

இன்னொன்றும் உண்டு. வலப்பக்க டிஃபெண்டர் கேரி ஸ்டீவன்ஸ், அவருக்கு முன்னால் டிரெவர் ஸ்டீவன், நடுவில் ரீட், முனையில் லினேகர். நால்வரும் அந்த சீசன் முழுக்க எவர்ட்டனில் சேர்ந்து ஆடியவர்கள். அங்கே லினேகர் லீகில் மட்டும் 30 கோல் அடித்திருந்தார். வலப்பக்கத்திலிருந்து கிராஸ் (ஓரத்திலிருந்து கோல் முன்னால் அனுப்பும் பந்து) எப்போது, எந்த உயரத்தில் வரும் என்பது அவருக்கு மனப்பாடம்.

முதல் கோல், 9-வது நிமிடம்: ஸ்டீவன்ஸ் வலப்பக்கத்திலிருந்து தரையோடு தாழ்வாகக் கொடுத்த பந்து. லினேகர் டிஃபெண்டருக்கு முன்னால் பாய்ந்து கிட்டத்திலிருந்து உள்ளே தள்ளினார். இரண்டாவது, 14-வது நிமிடம்: பியர்ட்ஸ்லி நீளமாகத் திறந்துவிட்ட பந்தை இடப்பக்கத்தில் ஹாட்ஜ் எடுத்து உடனே கிராஸ் கொடுத்தார். லினேகர் ஓடிவந்த வேகத்திலேயே அடித்தார். மூன்றாவது, 34-வது நிமிடம்: கார்னர், அதாவது மைதானத்தின் மூலையிலிருந்து அடிக்கும் பந்து. போலந்து கோல்கீப்பர் யூசெஃப் மிவினார்ச்சிக் கையில் பந்து நிற்கவில்லை. பின்னால் இருந்த லினேகர் அதை வலைக் கூரைக்குள் ஏற்றினார்.

மூன்றாவது கோலை அதிர்ஷ்டம் என்பவர்கள் உண்டு. கோல்கீப்பர் பந்தை நழுவவிடுவது ஐம்பது கார்னரில் ஒரு முறை நடக்கலாம். மற்ற நாற்பத்தொன்பதுக்கும் அதே இடத்துக்கு வந்து நின்றவருக்குத்தான் அந்த ஒன்று கிடைக்கும்.

கே: அந்தப் போட்டியில் அவர் கையில் கட்டுப் போட்டிருந்தாரே, அது எதனால்?
– வாசகர், கோயம்புத்தூர்

ப: மெக்சிகோவுக்குப் போகும் முன் மே 24 அன்று கனடாவுடன் ஆடிய நட்பு ஆட்டத்தில் கீழே விழுந்து மணிக்கட்டில் அடிபட்டது. உலகக் கோப்பையே போய்விடுமோ என்ற பயம் இருந்தது. இலேசான கட்டு ஒன்றைப் போட்டுக்கொண்டு ஆடினார்.

கே: அர்ஜென்டினாவுடனான கால் இறுதியில் இரண்டாவது கோலையும் அவர் அடித்திருக்க வேண்டும் என்கிறார்களே. எப்படித் தவறியது?
– வாசகி, மதுரை

ப: மரடோனா 51, 55-வது நிமிடங்களில் அடித்த இரண்டு கோல்களைப் பற்றி எழுதிய அளவுக்கு யாரும் அந்த ஆட்டத்தின் கடைசிப் பத்து நிமிடத்தைப் பற்றி எழுதுவதில்லை. நீங்கள் கேட்டதில் மகிழ்ச்சி.

74-வது நிமிடத்தில் ஜான் பார்ன்ஸ் மாற்று வீரராக இடது விளிம்பில் இறங்கினார். 81-வது நிமிடத்தில் அவர் டிஃபெண்டரைத் தாண்டிப் போய்க் கிராஸ் கொடுத்தார். லினேகர் கோல் வாசலில் தலையால் முட்டி 2-1. அது அந்தப் போட்டியில் அவருக்கு ஆறாவது கோல்.

சில நிமிடங்களில் அதே காட்சி மறுபடி. அதே பார்ன்ஸ், அதே பக்கம், அதே கிராஸ். கோல் கோட்டுக்கு ஓரிரு அடி தூரத்தில் லினேகர் தலையை நீட்டிப் பாய்ந்தார். வலைக்குள் போய் விழுந்தவர் அவர், பந்து போகவில்லை. அர்ஜென்டினாவின் ஓலார்ட்டிகோச்சியா கோலைப் பார்த்தபடி ஓடிவந்து, பிடரியால் அதைத் தட்டி வெளியே அனுப்பிவிட்டார். ஓட்டத்திலோ கணிப்பிலோ லினேகர் பக்கம் பிழை இல்லை. அவரைப் போலவே ஒருவர், கடைசி வரை பந்தை விடாமல் துரத்தி வந்திருந்தார்.

ஆறு கோலோடு, அதிக கோல் அடித்தவருக்கான தங்கக் காலணி அவருக்கே கிடைத்தது. மரடோனா, கரேகா, புட்ராகேனோ மூவரும் ஐந்து. உலகக் கோப்பையில் அந்தப் பரிசை வாங்கிய முதல் இங்கிலாந்துக்காரர் அவர்தான். அடுத்தவர் வர 2018 ஆயிற்று: கேன், அவருக்கும் ஆறு.

கே: 80 "கேப்" என்றால் நிஜமாகவே 80 தொப்பி கொடுப்பார்களா?
– பள்ளி மாணவி, ஈரோடு

ப: நிஜத் தொப்பிதான், குஞ்சம் வைத்த வெல்வெட் தொப்பி. 1886-ல் இங்கிலாந்தில் தொடங்கிய வழக்கம். சாதாரண ஆட்டத்துக்கு ஒன்று. உலகக் கோப்பை போன்ற தொடருக்கு ஒரே தொப்பி, அதில் எதிர்த்து ஆடிய நாடுகளின் பெயர்களைத் தைத்துக் கொடுப்பார்கள். ஆகவே ஆட்டக் கணக்கு 80 என்றாலும் அலமாரியில் தொப்பி அதைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

கே: 14 வயதுப் பையன்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். கிராஸ் வரும்போது எல்லோரும் கோல் முன்னால் போய் நின்றுவிடுகிறார்கள். லினேகர் ஓடிய ஃபர்ஸ்ட் போஸ்ட் ஓட்டத்தை எப்படிச் சொல்லிக் கொடுப்பது?
– பயிற்சியாளர், தூத்துக்குடி

ப: பயிற்சி பெறாதவர்களுக்காக ஒரு வரி: கிராஸ் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதோ அந்தப் பக்கத்துக் கம்பம் ஃபர்ஸ்ட் போஸ்ட், எதிர்ப்பக்கத்துக் கம்பம் செகண்ட் போஸ்ட்.

முதலில் நேரக் கணக்கைப் பையன்களுக்குப் புரியவையுங்கள். பெனால்டி பெட்டியின் ஓரத்துக்குச் சற்று உள்ளே, கோல் கோட்டிலிருந்து ஐந்தாறு மீட்டர் தள்ளி நின்று ஒருவன் தரையோடு கிராஸ் அடிக்கிறான். ஃபர்ஸ்ட் போஸ்ட்டுக்கு ஏறக்குறைய 15 மீட்டர். வினாடிக்கு 12 மீட்டர் வேகத்தில் வந்தால் பந்து ஒன்றேகால் வினாடியில் வந்துவிடும். ஓடுகிற பையனுக்கு நின்ற இடத்திலிருந்து 9 மீட்டர் ஓட இரண்டு வினாடி ஆகும். பந்தை அடித்த பிறகு கிளம்பினால் முக்கால் வினாடி தாமதம். உங்கள் பையன்கள் முன்னாலேயே போய் நிற்பதற்குக் காரணமும் இதுதான்: தாமதமாகும் என்று அவர்களுக்கு உள்ளுக்குள் தெரிகிறது. ஆனால் போய் நின்றவனுக்கு வேகம் போய்விடும், டிஃபெண்டரும் வந்து ஒட்டிக்கொள்வான்.

அதனால் அடையாளம் ஒன்று வேண்டும். கிராஸ் அடிப்பவன் கடைசியாகப் பந்தைத் தனக்கு முன்னால் ஓரடி தட்டிவிட்டுத் தலையைக் குனிவான். குனிகிற அந்தக் கணம்தான் கிளம்பும் நேரம். காலடித்த சத்தத்துக்காகக் காத்திருக்கக் கூடாது.

கோல் கோட்டிலிருந்து 11 மீட்டர் தூரத்தில், செகண்ட் போஸ்ட்டுக்கு நேராக ஒரு கோன் வையுங்கள். ஃபர்ஸ்ட் போஸ்ட்டுக்கு முன்னால், சின்னப் பெட்டியின் கோட்டில், அதாவது 5.5 மீட்டரில் இன்னொன்று. நடுவில் ஒரு டிஃபெண்டர். ஸ்ட்ரைக்கர் முதல் கோனில், டிஃபெண்டரின் முதுகுப் பக்கம் நிற்க வேண்டும். அங்கிருந்து நேராக ஃபர்ஸ்ட் போஸ்ட்டுக்கு ஓடவிடாதீர்கள். செகண்ட் போஸ்ட்டை நோக்கி இரண்டு அடி போகட்டும். டிஃபெண்டர் பந்தைப் பார்ப்பான், உடனே ஆள் எங்கே என்று திரும்புவான். அந்தத் திரும்பலுக்குள் அவன் மார்புக்கு முன்னால் குறுக்கே வெட்டிப் பாய வேண்டும். ஒரே நேரத்தில் பந்தையும் ஆளையும் பார்க்க முடியாத இடத்தில் டிஃபெண்டரை வைப்பதுதான் இதன் சூட்சுமம். லினேகரின் கோல்களைத் திரும்பப் போட்டுப் பாருங்கள், கோலுக்கு முந்தைய மூன்று வினாடியில் அவர் எங்கே நிற்கிறார் என்று மட்டும் கவனியுங்கள். பந்தைப் பார்த்தால் அது கண்ணில் படாது.

அடிக்கும்போது காலை வீசவே கூடாது. பந்து ஏற்கெனவே வேகத்தில் வருகிறது, கணுக்காலை இறுக்கி உள்பாதத்தைத் திருப்பிக் காட்டினால் போதும். ஐந்து மீட்டரிலிருந்து வினாடிக்கு 15 மீட்டர் வேகத்தில் போகும் பந்து கோலை அடைய மூன்றில் ஒரு பங்கு வினாடிதான். கோல்கீப்பருக்குக் கண்ணிலிருந்து உடலுக்குச் செய்தி போகவே அதில் பாதிக்கு மேல் கழிந்துவிடும். வீசி அடிக்கிறவன் உடல் பின்னால் சாயும், பந்து கம்பத்துக்கு மேலே போகும். பையன்கள் செய்யும் பிழைகளில் அதிகம் இதுதான்.

எத்தனை முறை? ஆறு ஓட்டம் ஒரு சுற்று, மொத்தம் நான்கு சுற்று. ஓட்டங்களுக்கு நடுவே அரை நிமிடம், சுற்றுகளுக்கு நடுவே இரண்டு நிமிடம். ஆறில் இரண்டு பந்து மட்டும் ஃபர்ஸ்ட் போஸ்ட்டுக்கு வர வேண்டும். மற்றவை பின்னால், உயரத்தில், அல்லது வரவே கூடாது. எது வரும் என்று கிராஸ் அடிப்பவனிடம் மட்டும் ரகசியமாகச் சொல்லுங்கள். ஆறு பந்தையும் காலுக்குக் கொடுத்துப் பழக்கினால், ஆட்டத்தில் இரண்டு முறை வராவிட்டால் மூன்றாவது முறை பையன் ஓடமாட்டான். வராத பந்துக்கு ஓடப் பழக்குவதுதான் இந்தப் பயிற்சியின் பாதி.

கே: 1991-ல் கோலாலம்பூரில் இங்கிலாந்து ஆடிய ஆட்டத்தை இங்கே பெரியவர்கள் இன்னும் பேசுவார்கள். லினேகர் அதில் எத்தனை கோல்?
– வாசகர், கிள்ளான், மலேசியா

ப: நான்கு. 1991 ஜூன் 12, இங்கிலாந்து 4, மலேசியா 2. இங்கிலாந்தின் நான்கும் அவருடையவை. மலேசியாவின் இரண்டையும் மட்லான் மர்ஜான் அடித்தார். உங்கள் பெரியவர்கள் அதைப் பெருமையோடு சொல்வது நியாயமே.

ஒரே ஆட்டத்தில் நான்கு என்பது அவருக்கு அது இரண்டாவது தடவை. முதலாவது இன்னும் கனமானது: 1987 பிப்ரவரி 18, மாட்ரிட் பெர்னபூ மைதானம், ஸ்பெயினுக்கு எதிராக 4-2. எதிரே கோலில் நின்றவர் பார்சிலோனாவில் அவரோடு ஆடிய சுபிசரேட்டா. அதற்கு மூன்று வாரம் முன்னால்தான் பார்சிலோனாவுக்காக ரியல் மாட்ரிட் மேல் ஹாட்ரிக் அடித்திருந்தார். நாட்டுக்காக நான்கு கோல் அடித்த அந்த இரண்டு ஆட்டங்களோடு துருக்கியுடன் 1985, 1987 இரண்டிலும் ஹாட்ரிக், 1986-ல் போலந்து. ஆக இங்கிலாந்துக்காக ஐந்து ஹாட்ரிக்.

கே: 1988 யூரோ கோப்பையில் மூன்று ஆட்டத்திலும் பூஜ்யம். அந்த வருடம் மட்டும் ஏன்?
– வாசகர், சேலம்

ப: உடம்பு சரியில்லை, அது யாருக்கும் தெரியாது என்பதுதான் சோகம். மேற்கு ஜெர்மனியில் அயர்லாந்திடம் 0-1, நெதர்லாந்திடம் 1-3, சோவியத் யூனியனிடம் 1-3. மூன்றும் தோல்வி. அயர்லாந்துடன் வாய்ப்புகள் வந்தன, கோல்கீப்பர் பேக்கி பானர் தடுத்தார். போட்டி முடிந்த பிறகுதான் லினேகருக்குக் கல்லீரல் அழற்சி, ஹெபடைட்டிஸ், என்று கண்டுபிடித்தார்கள்.

ஓட்டத்துக்கு வேண்டிய சர்க்கரையைச் சேமித்து ரத்தத்துக்கு அனுப்புவது கல்லீரல். அது வீங்கிக் கிடந்தால் முதலில் அடிபடுவது திரும்பத் திரும்ப வேகமாக ஓடும் சக்தி. நின்ற இடத்திலிருந்து பாஸ் கொடுக்கும் நடுக்கள வீரர் ஒருவேளை சமாளிப்பார். லினேகரின் ஆட்டத்தில் பத்தாவது ஓட்டம் முதல் ஓட்டத்தின் வேகத்தில் இருந்தாக வேண்டும். அரை அடி பிந்தினால் அவர் வெறும் பார்வையாளர். சோர்வாக விளையாடுகிறார், மனசு இல்லை என்று அன்று எழுதியதெல்லாம் அநியாயம்.

பார்சிலோனாவில் அடுத்துப் பயிற்சியாளராக வந்த யோஹன் கிரைஃப் அவரை வலது விளிம்பில் ஆடவைத்தார். கோல் வாசலில் வாழ்ந்தவரை ஓரத்துக்கு அனுப்பிவிட்டார். 1989-ல் டாட்டன்ஹாமுக்கு வந்த பிறகுதான் பழைய இடம் திரும்பக் கிடைத்தது.

கே: 1990-ல் கேமரூனுடன் இரண்டு பெனால்டி அடித்தார். ஒரே கோல்கீப்பரிடம் இரண்டாவது முறை அடிக்கும்போது பக்கத்தை மாற்ற வேண்டுமா?
– கல்லூரி அணி வீரர், புதுச்சேரி

ப: உலகக் கோப்பைக் கால் இறுதி, நேப்பிள்ஸ், ஜூலை 1. கேமரூன் 2-1 என்று முந்தி நின்றது. 83-வது நிமிடத்தில் லினேகரையே வீழ்த்தியதற்குப் பெனால்டி, மூலைக்கு அடித்து 2-2. கூடுதல் நேரத்தில் நடுக்கள வீரர் காஸ்கோயின் பிளந்து கொடுத்த பந்தோடு அவர் ஓடினார், கோல்கீப்பர் என்கோனோ கீழே தள்ளினார். 105-வது நிமிடம், இரண்டாவது பெனால்டி. இந்த முறை நேர் நடுவில், பலமாக. என்கோனோ பக்கவாட்டில் பாய்ந்துவிட்டார். 3-2.

இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது: பக்கத்தை மாற்றுவதா வேண்டாமா என்பது இரண்டாம்பட்சம். முதல் பெனால்டியில் கோல்கீப்பர் காத்திருந்தாரா, முன்கூட்டியே பாய்ந்தாரா என்று பாருங்கள். பாய்கிறவர் என்றால் நடு திறந்திருக்கும். காத்திருப்பவர் என்றால் மூலைதான், தாழ்வாக, வேகமாக. பந்தை வைப்பதற்கு முன்பே முடிவெடுத்துவிடுங்கள். ஓடிவரும்போது மாற்றினால் ஊன்றுகால் தப்பான இடத்தில் விழும், பந்து அது காட்டும் திசையில் போய்விடும்.

மூன்று நாள் கழித்து டூரினில் மேற்கு ஜெர்மனியுடன் அரை இறுதி. 80-வது நிமிடக் கோலையும் சொல்லிவிடுகிறோம். பால் பார்க்கர் வலப்பக்கத்திலிருந்து நீளமாகப் போட்ட பந்து. கோலர், ஆகென்தாலர் என்று உயரமான டிஃபெண்டர்கள் நடுவில் அது தடுமாறியது. லினேகர் தொடையில் வாங்கி இடப்பக்கம் தள்ளிக்கொண்டு, இடது காலால் எதிர் மூலைக்குத் தரையோடு அடித்தார். வலதுகால்காரர் அவர். அந்த இடத்தில் வலது காலுக்கு மாற்ற நினைத்திருந்தால் கோல் இல்லை. பெனால்டி சுற்றில் இங்கிலாந்துக்கு முதலில் அடித்ததும் அவர்தான், உள்ளே போனது. பியர்ஸ், வாடில் இருவரும் தவறவிட்டதில் 4-3 என்று ஜெர்மனி ஜெயித்தது.

கே: வாழ்நாளில் ஒரு மஞ்சள் அட்டைகூட வாங்கவில்லை என்பது உண்மையா?
– வாசகி, திருச்சி

ப: உண்மை. கிளப்பிலும் இல்லை, நாட்டுக்கும் இல்லை. ஸ்ட்ரைக்கர் டாக்கிள் செய்வது, அதாவது எதிராளியின் காலிலிருந்து பந்தைப் பறிக்கப் போவது குறைவு, அதனால் சுலபம் என்பார்கள். அது பாதிதான். ஸ்ட்ரைக்கர்கள் அட்டை வாங்குவது பெரும்பாலும் அடிபட்ட கோபத்தில் திருப்பிக் கொடுக்கும்போதும், நடுவரிடம் வாதாடும்போதும்.

1986-ல் பராகுவேயுடன் நடந்ததைப் பாருங்கள். 31-வது நிமிடத்தில் லினேகர் கோல் அடித்தார். பிறகு ஒரு டிஃபெண்டரின் முழங்கை அவர் தொண்டையில் விழுந்தது. மைதானத்துக்கு வெளியே தூக்கிப்போய்ச் சிகிச்சை செய்துகொண்டிருக்கும்போதே பியர்ட்ஸ்லி இரண்டாவது கோலை அடித்தார். லினேகர் திரும்பி வந்தார். யாரையும் தேடிப் போகவில்லை. 73-வது நிமிடத்தில் மூன்றாவது கோலை அடித்தார்.

கே: ஒரே ஒரு கோல் வந்திருந்தால் சார்ல்டனின் 49-ஐத் தொட்டிருப்பார். கடைசி மாதங்களில் என்னதான் நடந்தது?
– ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், விழுப்புரம்

ப: எழுதவே வருத்தமான பகுதி இது. 1992 ஏப்ரல் 29, மாஸ்கோவில் சிஐஎஸ் அணியுடன் (பழைய சோவியத் நாடுகளின் கூட்டு அணி) 2-2. லினேகர் அடித்தது 48-வது. ஜப்பானுக்குப் போவதும், யூரோ கோப்பையோடு நாட்டுக்கு ஆடுவதை முடித்துக்கொள்வதும் ஏற்கெனவே முடிவாகியிருந்தது. அந்த யூரோவுக்கு இங்கிலாந்து தகுதி பெற்றதே அவரால்தான். 1991 நவம்பரில் போஸ்னன் நகரில் போலந்துடன் 0-1 என்று பின்தங்கி, ஒரு புள்ளி கட்டாயம் என்ற நிலையில், கார்னரில் மேபட் தலையால் தள்ளிய பந்தை 77-வது நிமிடத்தில் அந்தரத்திலேயே அடித்து உள்ளே போட்டார்.

மே 17, வெம்ப்ளி, பிரேசில். ஆட்டம் தொடங்கிய சற்று நேரத்தில் பெனால்டி. போனால் 49. அவர் பலமாக அடிக்காமல் பனென்கா முறையைத் தேர்ந்தெடுத்தார். கோல்கீப்பர் பாயட்டும் என்று நடுவில் மெதுவாகத் தூக்கிப் போடும் அடி அது. 1976 யூரோ இறுதி ஆட்டத்தில் செக்கோஸ்லோவாக்கியாவின் அன்டோனின் பனென்கா அடித்துப் பெயர் வாங்கியது. அதற்கு இரண்டு விஷயம் கூடிவர வேண்டும். கோல்கீப்பர் முன்கூட்டியே முழுதாக விழுந்திருக்க வேண்டும். கால்விரல் நுனி பந்தின் அடியில் சுத்தமாக நுழைந்து அதை இடுப்புக்கு மேல் எழுப்ப வேண்டும். லினேகரின் அடியில் பந்து எழும்பவில்லை. மெதுவாக, தாழ்வாக, பிரேசில் கோல்கீப்பர் கார்லோஸின் கைக்கே போனது. பனென்காவில் பாதித் தவறுக்கு இடமில்லை. பலமான அடி கொஞ்சம் பிசகினாலும் வேகத்தில் உள்ளே போகலாம். மெதுவான அடி பிசகினால் கோல்கீப்பருக்குக் கொடுத்த பாஸ்.

ஸ்வீடனில் நடந்த யூரோவில் டென்மார்க்குடன் 0-0, பிரான்ஸுடன் 0-0. இங்கிலாந்தின் நடுக்களத்திலிருந்து அவருக்கு வந்த பந்துகள் மிகக் குறைவு. 1986-ல் பியர்ட்ஸ்லியும் ஹாட்ஜும் செய்த வேலைக்கு 1992-ல் ஆளில்லை. கோல் வறட்சிக்கு லினேகரின் வயதைக் காரணம் காட்டுவதை நாங்கள் ஏற்கவில்லை.

ஜூன் 17, சோல்னா. ஸ்வீடனுடன் 1-1 என்று இருக்கும்போது, ஒரு மணி நேரம் கடந்ததும் பயிற்சியாளர் கிரஹாம் டெய்லர் தன் கேப்டனை வெளியே எடுத்து ஆலன் ஸ்மித்தை இறக்கினார். உயரத்தில் பந்தைப் பிடித்து வைக்க ஒருவர் வேண்டும் என்பது கணக்கு. ஒரு கோல் கட்டாயம் தேவைப்பட்ட ஆட்டத்தில், கோல் அடிப்பதை மட்டுமே தொழிலாகக் கொண்டவரை எடுத்தது பிழை என்றே சொல்வோம். 82-வது நிமிடத்தில் தாமஸ் புரோலின் அடித்தார், இங்கிலாந்து 1-2 என்று வெளியேறியது. அந்த ஆட்டத்தில் இங்கிலாந்தின் ஒரே கோல் நான்காவது நிமிடத்தில் வந்தது. அடித்தவர் டேவிட் பிளாட். வலப்பக்கத்திலிருந்து கிராஸ் கொடுத்தவர் லினேகர்.